பனியாற்றுக்கு அடியில் இருக்கும் மண்: திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

மண் பரிசோதனைதான் என் தொழில். தொடக்கக் கல்லூரியில் புவியியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் பனியாறு பற்றி எழுதியதை என்னிடம் காட்டுவதுண்டு. சின்னப் பிழைகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள். மற்றவை இவை.

பனியின் எடை முழுவதையும் மண்துகள் மேல் ஏற்றுவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் மாணவி ஒருத்தி தன் கணக்கை நீட்டினாள். பனி 1000 மீட்டர், அடியில் அழுத்தம் சுமார் 9 மெகாபாஸ்கல், உராய்வுக் கோணம் (துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு) 25 பாகை. அழுத்தத்தை அந்தக் கோணத்தின் டேன்ஜன்டால் (tan) பெருக்கினால் மண்ணின் வலிமை 4 மெகாபாஸ்கலுக்கு மேல். "இந்த மண் அசையவே அசையாது அண்ணா" என்றாள்.

பெருக்கல் சரி. ஆனால் மேற்கு அண்டார்க்டிகாவின் வில்லன்ஸ் பனியோடையில் (பனிவிரிப்புக்குள் வேகமாக நகரும் பட்டை அது) பனி ஏறக்குறைய அதே தடிமன்தான். அது வருடத்துக்குச் சில நூறு மீட்டர் நகர்கிறது. சுடுநீரால் துளையிட்டு அதன் அடிமண்ணை எடுத்துச் சோதித்த பனியாற்று ஆய்வாளர் பார்க்லே காம்ப் 1991இல் வெளியிட்ட வலிமை சுமார் 2 கிலோபாஸ்கல். அவள் கணக்கோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 2000 மடங்கு குறைவு!

விட்டுப்போனது நீர். பூமியின் வெப்பமும் உராய்வு வெப்பமும் பனியின் அடியை உருக்குகின்றன. களிமண்ணிலிருந்து அந்த நீர் எளிதில் வெளியேறாது. அதனால் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்குகிறது; மீதிதான் துகள்களுக்கு வருகிறது, உராய்வும் அந்த மீதிக்குத்தான். சாங்கியில் கடலைத் தூர்த்தபோது களிமண்ணுக்குள் வடிகால் பட்டைகளை இறக்கியதும் இதற்காகத்தான். மேலே கொட்டிய மணலின் சுமையை முதலில் நீர் ஏற்கும், அது வடிய வடியத்தான் மண் இறுகும்.

இந்த ஒரு பிழை பின்னால் வரும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நீரழுத்தம் ஏறினால் மண் இளகிப் பனியோடு இழுபடும். நீர் வடிந்தால் துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு அங்கேயே படியும். நீர் உறைந்தால் மண் பனியின் அடியில் ஒட்டி, அதோடு கிளம்பிவிடும். அரிப்பா, கடத்தலா, படிவா என்று எழுதுவதற்கு முன் நீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

அடிமண்ணைக் கெட்டித் திரவமாக நினைப்பது

ஒரு வரம்பு வரை தாங்கும், அப்புறம் நழுவும். வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் அதன் எதிர்ப்பு பெரிதாகக் கூடாது.

அடுக்கு மணலை 'டில்' என்று எழுதுவது

டில் என்பது பனியாறே நேரடியாகப் போட்டுவிட்டுப் போன மண். மணல் அளவுவாரியாகப் பிரிந்து கிடந்தால் அது ஓடும் நீரின் வேலை. டில்லில் களியும் பாறையும் கலந்தே கிடக்கும்.

காலாங் களிமண்ணில் பனியாற்றைத் தேடுவது

காலாங் களிமண் சிங்கப்பூரில் படிந்த கடற்களி. கடந்த பனியுகத்தில் இங்கே பனியாறு இல்லை. கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்கு இறங்கியதால் வெளியே தெரிந்து, காய்ந்து இறுகிய படலம்தான் இரண்டு களிமண் அடுக்குகளுக்கு நடுவே இருப்பது.

ட்ரம்லினைத் திருப்பி வரைவது

ட்ரம்லின் என்பது பனியாறு உருவாக்கிய, பனி நகர்ந்த திசையில் நீண்ட முட்டை வடிவக் குன்று. அதன் மொண்ணையான, செங்குத்தான முனைதான் பனி வந்த பக்கம்.