சீசன் அலர்ஜியா? மூக்கு ஸ்ப்ரேய மொதல்ல ஒழுங்கா அடிங்க

வருஷா வருஷம் அதே மாசத்துல அடுக்குத் தும்மல், மூக்குல தண்ணியா கொட்டுது, கண்ணு அரிக்குதுன்னா அது பெரும்பாலும் சளி இல்லீங்க, அலர்ஜி. சளி ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும், இது வாரக்கணக்குல இழுக்கும், காய்ச்சல் வராது, அரிப்புதான் அடையாளம்.

காத்துல வர்ற மகரந்தத்த உடம்பு எதிரின்னு தப்பா நெனச்சு ஐஜிஇ-ன்னு ஒரு ஆன்டிபாடிய (எதிர்த்துப் போராடுற புரதம்) ரெடி பண்ணி வச்சிருக்கும், அடுத்த தடவ மகரந்தம் மூக்குல பட்டதும் உடம்பு ஹிஸ்டமின்னு ஒரு ரசாயனத்த கொட்டும், மிச்ச கூத்தெல்லாம் அது பண்றதுதான். செட்ரிசின், லோராடடின் மாத்திரை இதத்தான் தடுக்குது. தும்மல், அரிப்புக்கு நல்லா கேக்கும், அடைப்புக்கு அவ்ளோவா கேக்காது. செட்ரிசின் போட்டா சிலருக்கு தூக்கம் வரும், வண்டி ஓட்டுறவங்க கவனம்.

அடைப்புக்கு ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான். ரெண்டு நாள் அடிச்சுட்டு வேலைக்காகலன்னு தூக்கிப் போட்டவன்தான் நானும், ஆனா அது முழுசா வேலை செய்யவே ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதனால டாக்டர்கிட்ட கேட்டுட்டு சீசன் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சு தினமும் அடிங்க. தலைய லேசா குனிஞ்சு, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனைய நடுச்சுவர் பக்கம் காட்டாம வெளிப்பக்கமா, காதப் பாத்த மாதிரி திருப்பி அடிச்சு மெதுவா மூச்சு இழுங்க. சர்ருன்னு உறிஞ்சினா மருந்து தொண்டைக்குப் போயிடும், நடுச்சுவர்ல அடிச்சுட்டே இருந்தா ரத்தம் வரலாம்.

உடனே மூக்க தொறக்குற சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து வேற, அத இதோட குழப்பிக்காதீங்க, நாலஞ்சு நாளுக்கு மேல போட்டா அதுவே அடைப்ப உண்டாக்கும்.

உப்புத்தண்ணி விட்டு மூக்கு கழுவுறதும் நல்லது, ஆனா கொதிக்க வச்சு ஆறின தண்ணிதான், குழாய்த் தண்ணிய அப்படியே விடக்கூடாது.

மத்தபடி காத்தடிக்கிற நாள்ல ஜன்னல சாத்துங்க, வெளில போயிட்டு வந்தா துணி மாத்துங்க, படுக்குறதுக்கு முன்னாடி தலைக்கு குளிங்க, இல்லன்னா முடியில ஒட்டுன மகரந்தம் ராத்திரி பூரா தலகாணில உங்க கூடவே தூங்கும். கண்ண மட்டும் தேய்க்காதீங்க, ஈரத்துணி வைங்க.

மூச்சு வாங்குது, நெஞ்சுல விசில் சத்தம் கேக்குதுன்னா மேல சொன்னது எதையும் ட்ரை பண்ணிட்டு இருக்காம உடனே டாக்டர்கிட்ட போங்க.