பாடத்திட்டம் மாறிய பிறகு டிஎன்பிஎஸ்சி சிவில் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குவது எப்படி? குமரி மாவட்டத் தேர்வர்களுக்கான செய்முறை

"சிலபஸ் மாறிட்டாமே, அண்ணன் வச்சிருந்த பழைய புக்கெல்லாம் இனி ஆகாதா?" கோணத்திலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் சிவில் முடித்துவிட்டு உதவிப் பொறியாளர் வேலைக்குப் படிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பெரும்பகுதி ஆகும். ஆகாத பகுதி எது என்று முதலில் பிரித்தெடுத்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் புதுப் புத்தகக் கட்டு வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர்கள், தேர்வு வரும்போது நான்காவது அலகில் நிற்பார்கள்.

ஒரு சின்ன விளக்கம். வீட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போடும் பதிவுபெற்ற பொறியாளர் உரிமம் வேறு. அது 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, கல்வித் தகுதியையும் அனுபவத்தையும் பார்த்துத் தருவது. இங்கே பேசுவது பொதுப்பணி, நீர்வளம், நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி போன்ற துறைகளுக்கான எழுத்துத் தேர்வைப் பற்றி.

முதல் படி: தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

முன்பு ஒருங்கிணைந்த பொறியியல் பணிகள் தேர்வு என்று தனியாக நடந்தது. 2024 முதல் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வுக்குள் அது வந்துவிட்டது. பட்டப்படிப்புத் தரத்தில் முதல் தாள் முழுக்க சிவில் பாடம்: 200 வினா, 300 மதிப்பெண், 3 மணி நேரம். இரண்டாம் தாளில் அ பகுதி தமிழ்த் தகுதித் தேர்வு, 100 வினா, 150 மதிப்பெண். ஆ பகுதி பொது அறிவு, அதுவும் 100 வினா, 150 மதிப்பெண்.

தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது, ஆனால் கதவைத் திறப்பது அதுதான். ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண், ஆகவே 40 வினா சரியாக இருக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளத்தை முதல் மொழியாகப் படித்தவர்களும், சிபிஎஸ்இ-யில் வேறு மொழி எடுத்தவர்களும் இதை லேசாக நினைக்கக் கூடாது. சமச்சீர்ப் பாடநூல்களில் 6 முதல் 10 வரை எடுத்து, தினமும் அரை மணி நேரம் இலக்கணமும் செய்யுளும் பாருங்கள். சிவிலில் நன்றாக எழுதியவருடைய தாள் தமிழால் திருத்தப்படாமல் போவதைப் போல வருத்தமான விஷயம் இந்தத் தேர்வில் வேறில்லை.

முதல் தாள் கணினி வழியா, ஓஎம்ஆர் தாளா, வினா எந்த மொழியில் இருக்கும், நாகர்கோவிலில் மையம் உண்டா என்பதெல்லாம் ஒவ்வொரு அறிவிக்கையிலும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கும். யூடியூபில் கேட்டதை வைத்து முடிவெடுக்காமல் அறிவிக்கையைப் பதிவிறக்கிப் படியுங்கள்.

இரண்டாம் படி: பழையதையும் புதியதையும் வரிவரியாக ஒப்பிடுங்கள்

தேர்வாணைய இணையதளத்திலிருந்து இப்போதைய சிவில் பாடத்திட்டத்தை எடுங்கள். உங்களிடம் உள்ள புத்தகம் எந்தப் பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டதோ அதையும் அச்செடுங்கள். ஒரு நீளநோட்டில் மூன்று கட்டம் போட்டு, முதலில் பழைய வரி, அடுத்து புதிய வரி, மூன்றாவதில் செய்ய வேண்டிய வேலை என்று எழுதுங்கள். இரண்டு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

மூன்றாவது கட்டத்தில் நான்கு சொற்களே போதும்: அப்படியே, இடமாற்றம், புதிது, இல்லை. பெரும்பாலான வரிகள் 'அப்படியே', 'இடமாற்றம்' என்றுதான் விழும். பெர்னோலி சமன்பாடும் டெர்சாகியின் தாங்குதிறன் சூத்திரமும் எந்த அலகுக்குப் போனாலும் மாறாது. 'புதிது' என்று விழுந்த வரிகளுக்கு மட்டும் புதிய பாடநூலோ, ஐஐடி பேராசிரியர்கள் இலவசமாகப் பாடம் நடத்தும் என்பிடெல் காணொளியோ தேடுங்கள்.

'இல்லை' என்று எழுதும்போது மட்டும் அவசரம் வேண்டாம். ஒரு தலைப்பு பெயரோடு காணாமல் போயிருக்கும், ஆனால் இன்னொரு வரிக்குள் ஒளிந்திருக்கும். 'ஸ்டீல் கட்டமைப்பு வடிவமைப்பு' என்று ஒரே வரி இருந்தால் போல்ட் இணைப்பு, வெல்டிங், டென்ஷன் மெம்பர், கம்ப்ரெஷன் மெம்பர், பிளேட் கர்டர் எல்லாம் அதற்குள் அடங்கும். பெயர் இல்லை என்பதால் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: கோட் பதிப்புகளைச் சரிபாருங்கள்

உண்மையான மாற்றம் பாடத்திட்டத் தாளில் இருப்பதைவிட ஐஎஸ் கோடுகளில்தான், அதாவது இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ் வெளியிடும் விதித்தொகுப்புகளில்தான், அதிகம். பாடத்திட்டத்தில் 'கான்கிரீட் மிக்ஸ் டிசைன்' என்ற வரி பத்து வருடமாக அப்படியே இருக்கலாம். ஆனால் பின்னால் இருக்கும் கோட் மாறியிருந்தால் விடையும் மாறும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எம்25 கான்கிரீட் (அதாவது வலிமை 25 நியூட்டன்/ச.மி.மீ.), தளத்தில் கிடைத்த நியம விலக்கம் 2.5 நியூட்டன்/ச.மி.மீ. இலக்கு வலிமை என்ன? பழைய புத்தகத்தின்படி 25 + 1.65 × 2.5, அதாவது 29.1. மிக்ஸ் டிசைனுக்கான ஐஎஸ் 10262-இன் 2019 பதிப்பில் இதோடு இன்னொரு நிபந்தனை உண்டு. 25-உடன் எக்ஸ் என்ற மதிப்பையும் கூட்டிப் பார்த்து, இரண்டில் பெரியதை எடுக்க வேண்டும். எம்20, எம்25-க்கு எக்ஸ் 5.5. ஆக 30.5 வருகிறது, அதுதான் விடை. நான்கு தெரிவுகளில் 29.1-உம் இருந்தால், பழைய புத்தகத்தில் படித்தவர் யோசிக்காமல் அதைத் தொடுவார். இந்தக் கூடுதல் நிபந்தனை ஏன் என்றால், நல்ல கட்டுப்பாடு உள்ள தளத்தில் விலக்கம் மிகக் குறைவாக வரும்போது இலக்கு வலிமை அளவுக்கு மீறி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக.

ஸ்டீலில் இன்னும் பெரிய பள்ளம். ஸ்டீல் கட்டமைப்புக்கான ஐஎஸ் 800-இன் 1984 பதிப்பு அனுமதிக்கப்பட்ட தகைவு முறை (ஒர்க்கிங் ஸ்ட்ரெஸ்): இழுவிசைக்கு ஈல்டு தகைவில் 0.6 மடங்கு, அதாவது 250 நியூட்டன்/ச.மி.மீ-க்கு 150. 2007 பதிப்பு லிமிட் ஸ்டேட் முறை: 250-ஐ 1.1-ஆல் வகுத்தால் 227. இந்த 227-ஐப் பெருக்கிய சுமையோடுதான் ஒப்பிட வேண்டும். சுமையை 1.5-ஆல் பெருக்காமல் 227-ஐப் பயன்படுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. வினாவில் 'ஒர்க்கிங் ஸ்ட்ரெஸ்' என்று இருக்கிறதா, 'லிமிட் ஸ்டேட்' என்று இருக்கிறதா என்பதை முதலில் அடிக்கோடிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. காற்றுச்சுமைக்கான ஐஎஸ் 875 பகுதி 3, 2015 பதிப்பில் கே1, கே2, கே3-உடன் கே4 என்ற புயல் காரணியும் சேர்ந்தது. 33, 43, 53 கிரேடு சிமெண்டுகள் மூன்றும் 2015 முதல் ஐஎஸ் 269 என்ற ஒரே கோடுக்குள் வந்தன. எம்-சாண்டும் மறுசுழற்சி ஜல்லியும் ஐஎஸ் 383-இன் 2016 பதிப்பில் இடம்பெற்றன. நிலநடுக்க மண்டலம் 1 என்று எழுதியிருக்கும் புத்தகம் 2002-க்கு முந்திய கோடைப் பின்பற்றியது, மண்டலம் 1 அப்போதே எடுக்கப்பட்டுவிட்டது. வளையும் சாலைத்தள (தார்ச்சாலை) வடிவமைப்புக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 37, 2018 பதிப்பைப் பாருங்கள்.

பிஐஎஸ் இணையதளத்தில் பதிவு செய்தால் ஐஎஸ் கோடுகளை இலவசமாகவே பதிவிறக்கலாம். கோட் முழுவதையும் படிக்க உட்காராதீர்கள், அட்டவணைகளை மட்டும் எடுத்து ஒரு பக்கக் குறிப்பாக்குங்கள். தேர்வறைக்குள் கோட் புத்தகம் கொண்டுபோக முடியாது, ஆகவே எண்கள் மனதில் நிற்க வேண்டும்.

நான்காம் படி: நம்ம ஊரை வைத்து எண்களை மனதில் நிறுத்துங்கள்

குமரி மாவட்டத்துக்காரருக்கு இது பெரிய வசதி. சிவில் பாடத்தின் பாதி, பஸ் ஏறிப் போனால் பார்க்கிற தூரத்தில் இருக்கிறது.

கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456-இன் மூன்றாம் அட்டவணை சூழலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. குளச்சலில் கடலோரமாக ஒரு வீட்டின் வெளித்தூண் நிற்கிறது என்றால் அது கடுமையான சூழல்: குறைந்தது எம்30, கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) 45 மி.மீ. தேங்காய்ப்பட்டணம் துறைமுகச் சுவரில் அலைத்துளி தெறித்துக்கொண்டே இருக்கும் பகுதி மிகக் கடுமை: எம்35, 50 மி.மீ. ஏற்றவற்றத்தில் நனைந்து காயும் பகுதி உச்ச நிலை: எம்40, 75 மி.மீ. முழுக்கக் கடலுக்குள் மூழ்கிய கான்கிரீட்டோ வெறும் கடுமை வகைதான். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மூழ்கியதுதான் மோசம் என்று தோன்றும். ஆனால் கம்பி துருப்பிடிக்க உப்போடு ஆக்ஸிஜனும் வேண்டும். மூழ்கிய இடத்தில் ஆக்ஸிஜன் குறைவு. நனைந்து காயும் இடத்தில் உப்பும் சேர்ந்துகொண்டே போகும், காற்றும் கிடைக்கும். காரணம் புரிந்தால் அட்டவணை மறக்காது.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பாருங்கள். பட்டணங்கால் கால்வாய் பறளியாற்றின் மேல் சுமார் 115 அடி உயரத்தில் போகிறது. கால்வாய் மேலே, ஆறு கீழே, ஆற்று வெள்ளம் தொட்டியின் அடியைத் தொடாது: அதனால் அக்விடக்ட் (தொட்டிப்பாலம்). வெள்ளமட்டம் தொட்டியின் அடியைத் தாண்டினால் சைஃபன் அக்விடக்ட். ஆறு மேலேயும் கால்வாய் கீழேயும் போனால் சூப்பர் பாசேஜ். குறுக்கு வடிகால் வேலைகள் பற்றிய வினாக்களுக்கு இந்த ஒரு படம் போதும்.

அடுத்து டூட்டி, டெல்டா. ஒரு கியூமெக் (விநாடிக்கு ஒரு கனமீட்டர்) நீர் பாசனம் செய்யும் பரப்பு டூட்டி, பயிருக்கு மொத்தமாகத் தேவைப்படும் நீரின் ஆழம் டெல்டா. கும்பப்பூ நெல் சாகுபடிக்கு அடிப்படைக் காலம் (நீர் பாய்ச்சும் மொத்த நாள்) 120 நாள் என்றும், வயலில் டூட்டி 900 ஹெக்டேர்/கியூமெக் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். டெல்டா = 8.64 × 120 ÷ 900 = 1.152 மீட்டர். இது வயலில் தேவைப்படும் ஆழம். கால்வாயில் 20 சதவீதம் கசிந்து போகிறது என்றால் தலைமதகில் டூட்டி 900 × 0.8 = 720 ஆகக் குறையும், அங்கே டெல்டா 1.44 மீட்டர். தலைமதகிலிருந்து கடைவரம்புக்குப் போகப் போக டூட்டி கூடும், குறையாது. இந்தத் திசையை மாற்றிப் போடுவதால் மட்டும் மதிப்பெண் இழப்பவர்கள் அதிகம். தெரிவுகளில் 1.152, 1.44 இரண்டும் இருக்கும். வினா வயலைக் கேட்கிறதா, தலைமதகைக் கேட்கிறதா என்று பாருங்கள்.

பேச்சிப்பாறை அணையின் குறுக்குவெட்டை மனதில் வைத்துப் புவியீர்ப்பு அணைக்கான விசைகளைப் படியுங்கள். நீர் அழுத்தம், தன் எடை, அடியிலிருந்து வரும் மேல்நோக்கு அழுத்தம் மூன்றையும் நீங்களே வரைந்து, விளைவிசை அடித்தளத்தின் நடு மூன்றிலொரு பங்குக்குள் விழுகிறதா என்று பாருங்கள். அணை நிரம்பியிருக்கும்போது விலகல் அகலத்தில் ஆறிலொரு பங்கைத் தாண்டினால் நீர் தேங்கும் பக்கத்து அடியில் (ஹீல்) இழுவிசை வரும்.

ஐந்தாம் படி: பழைய வினாத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

தேர்வாணைய இணையதளத்தில் வினாத்தாளும் விடைக்குறிப்பும் கிடைக்கும். இறுதி விடைக்குறிப்பையே எடுங்கள், தற்காலிகமானதில் பின்னர் மாறிய விடைகள் இருக்கும். ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் உங்கள் ஒப்பீட்டு நோட்டின் வரி எண்ணைக் குறியுங்கள். எந்த வரியிலிருந்து திரும்பத் திரும்ப வினா வருகிறது என்பது மூன்று தாள் முடிவதற்குள் தெரிந்துவிடும். கோட் மதிப்பைக் கேட்கும் வினாக்களைச் சிவப்பில் வட்டமிட்டு, இப்போதைய பதிப்போடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகே விடையை நோட்டில் ஏற்றுங்கள்.

ஆறாம் படி: நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தளத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவருக்கு 20 வாரம் என்று வைத்தால் நடைமுறைக்கு ஒத்துவரும். முதல் 8 வாரம் கணக்கு அதிகம் உள்ளவை: பொருட்களின் வலிமை, கட்டமைப்புப் பகுப்பாய்வு, மண்ணியல், நீரியல். அடுத்த 6 வாரம் ஆர்சிசி, ஸ்டீல், நீர்ப்பாசனம், சுற்றுச்சூழல், சாலை. கட்டுமானப் பொருட்கள், சர்வே, எஸ்டிமேட், திட்ட மேலாண்மை இவற்றுக்கு 3 வாரம் போதும், மனப்பாடப் பகுதி என்பதால் கடைசியில் வைப்பது நல்லது. மீதி 3 வாரம் முழு மாதிரித் தேர்வுகள். பொது அறிவையும் தமிழையும் இடையிலேயே தினமும் ஓட்டுங்கள்.

தனியாகப் படிப்பது சிரமமாக இருந்தால் நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் விசாரியுங்கள். அங்கே போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். பொது அறிவுக்கும் தமிழுக்கும் அது நல்ல துணை.

மாதிரித் தேர்வில் கைக்கடிகாரத்தை எதிரே வையுங்கள். 180 நிமிடத்தில் 200 வினா என்றால் ஒன்றுக்கு 54 வினாடி. முதல் சுற்றில் நேரடி வினாக்களை மட்டும் முடியுங்கள். அரைப்பக்கம் கணக்குப் போட வேண்டியதற்குப் புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது, ஆகவே இரண்டு தெரிவுகளை நீக்க முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறியுங்கள். ஒன்றுமே தெரியாத வினாவையும் வெறுமையாக விடக் கூடாது, 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது தெரிவைக் குறிக்க வேண்டும். ஓஎம்ஆர் தாள் என்றால் கறுப்பு பால்பாயிண்ட் பேனா மட்டுமே. தேர்வாணையத் தளத்தில் செய்த நிரந்தரப் பதிவின் (ஒன்-டைம் ரிஜிஸ்ட்ரேஷன்) ஐந்தாண்டுக் காலம் முடிந்துவிடவில்லையே என்பதை விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலையில் கட்டணம் கட்டப் போனால் தளம் மெதுவாகத்தான் நகரும்.