வன்னியில் காரை வீட்டிலேயே பராமரிக்க முதலில் வாங்க வேண்டியவை

ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பியதும் கிறவல் பாதை தொடங்கிவிடும் ஊர்களில், சோழகம் வீசும் மாதங்களில் காரின் மேல் படிகின்ற செம்புழுதியே பெயின்றின் முதல் எதிரி. அந்தப் புழுதியில் கலந்துள்ள குவார்ட்ஸ் மணலின் கடினம், 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் கடின அளவுகோலில் 7 ஆகும். இக்காலக் கார்களின் நிறப்பூச்சைக் காக்கும் கிளியர் கோட் என்னும் ஒளிபுகும் மேற்பூச்சோ பெரும்பாலும் 50 மைக்ரோன் அளவு தடிப்பே கொண்டது. மணலைவிட மிகவும் மென்மையானது. காலையில் புறப்படும் அவசரத்தில் உலர்ந்த துணியால் புழுதியைத் தட்டித் துடைப்பவர், ஒவ்வொரு நாளும் அந்தப் பூச்சைத் தானே கீறிக்கொண்டிருக்கிறார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும் புதிய காரின் விலை பலருக்கு எட்டாத உயரத்திலேயே நிற்பதால், கையிலுள்ள காரின் பூச்சைக் காப்பது வெறும் அழகு சார்ந்த விடயமன்று. ஆகவே ஆரம்பத்தில் கையிலிருக்கும் பணத்தின் பெரும்பகுதியைப் பொலிஷில் போடாமல், கழுவுவதற்கும் துடைப்பதற்கும் வேண்டியவற்றில் போடுமாறே சொல்வேன்.

முதலில் 15 முதல் 20 லீற்றர் கொள்ளும் வாளிகள் இரண்டை வெவ்வேறு நிறங்களில் வாங்குங்கள். ஒன்றில் ஷாம்பூ கரைத்த நீரும் மற்றதில் வெறும் நீரும் இருக்க வேண்டும். மைக்ரோபைபர் கையுறையை ஷாம்பூ நீரில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியபின், வெறும் நீர் உள்ள வாளியில் நன்றாக அலசி மணலை உதிர்த்துவிட்டே மீண்டும் ஷாம்பூ வாளிக்குள் இட வேண்டும். அலசும் வாளியின் அடியிலிருந்து சற்று உயரத்தில் நிற்கும்படி ஒரு பிளாஸ்டிக் வலைத்தட்டைப் பொருத்தினால், அடியில் தங்கிய மணல் மீண்டும் கையுறையில் ஏறாது. பஞ்சு ஸ்பொஞ் வேண்டாம். அதன் தட்டையான முகம் மணலைப் பிடித்து வைத்துப் பூச்சின் மேலேயே இழுத்துச் செல்லும். ஷாம்பூ காருக்கென்று செய்யப்பட்ட, காரத்தன்மை இல்லாத வகையாக இருக்கட்டும். உடுப்புத் தோய்க்கும் தூள் காரத்தன்மை கொண்டது. பூசிய மெழுகை அது கரைத்தெடுத்துவிடும்.

கையுறை படுவதற்கு முன், மேலிருந்து கீழாக நீரை ஓடவிட்டுத் தளர்ந்த புழுதியை இறக்கிவிட வேண்டும். தண்ணீர் மோட்டாரும் நீண்ட குழாயும் இருந்தால் இதற்குப் போதும். பிரஷர் வாஷரை இப்போதே வாங்கத் தேவையில்லை. கிணற்று மட்டம் இறங்கும் கோடையில் 2 லீற்றர் கொள்ளும் சிறிய கைப்பம்பு ஸ்பிறேயர் தண்ணீரை மிச்சப்படுத்தும். வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிறேயரைக் கழுவி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அதில் எஞ்சியிருக்கும் நஞ்சு உங்கள் கையிலும் முகத்திலும் படும் என்பதால் இதற்கென்று புதிதாக ஒன்றை வாங்குவதே முறை.

இரண்டாவது எதிரி அந்தத் தண்ணீரேதான். வன்னியின் பல இடங்களில் கிணற்று நீரும் குழாய்க்கிணற்று நீரும் கடின நீராகும். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அதே படிவு காரின் பொனற்றிலும் உருவாகும். வெயிலில் சூடேறிய தகட்டில் துளி காய்ந்ததும் அதிலிருந்த கல்சியம் வெள்ளை வட்டமாகத் தங்கிவிடுகிறது. நாட்பட்டால் பூச்சையே அரித்துவிடவும் கூடும். எனவே விடியற்காலையில் அல்லது வெயில் இறங்கியபின் நிழலில் கழுவி, காயவிடாமல் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். இதற்கு 60 க்கு 90 சென்ரிமீற்றர் அளவிலான தடித்த மைக்ரோபைபர் துவாய்கள் இரண்டு தேவை. இந்தத் தொகுதியில் விலை பார்க்காமல் வாங்க வேண்டிய ஒரே பொருள் இதுவென்பேன். மாரி காலத்தில் கூரையிலிருந்து சேமித்த மழைநீர் ஒரு வாளி இருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. அதில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. ஏற்கெனவே விழுந்துவிட்ட புதிய வட்டங்களுக்கு, வெள்ளை வினாகிரியையும் நீரையும் சம அளவில் கலந்து, குளிர்ந்த தகட்டில் துணியால் தடவி, ஒரு நிமிடத்துக்குள் நிறைய நீர் விட்டுக் கழுவிவிடலாம்.

துடைப்பதற்குச் சிறிய மைக்ரோபைபர் துணிகள் ஆறேழு வைத்திருங்கள். பூச்சுக்கு ஒரு நிறம், சில்லுக்கு ஒரு நிறம், உட்புறத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிட்டால் தவறுதலாக மாறாது. பழைய சாரமும் பெனியனும் இந்த வேலைக்கு ஆகா. அவற்றின் தையல் ஓரம் கீறும். மண்ணில் விழுந்த துணியைப் பூச்சில் மறுபடி வைக்காமல் சில்லுத் துணிகளோடு சேர்த்துவிட வேண்டும். இவற்றைப் பருத்தி உடுப்புகளோடு சேர்த்துத் தோய்க்கக் கூடாது. துணி மென்மையாக்கியும் சேர்க்கக் கூடாது, ஏனெனில் அது நார்களின் மேல் படிந்து நீர் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

சில்லுகளுக்குத் தனிக் கையுறையும் தூரிகையும் வேண்டும். தும்புத் தூரிகை ரயர் றப்பருக்கு மட்டும் சரி. முருங்கன் பக்கத்துக் களிமண் காய்ந்தால் மட்கார்ட்டின் உட்புறத்தில் இறுகிவிடும் என்பதால், ஊறவைத்து அன்றைக்கே கழற்றுவது நல்லது. முல்லைத்தீவுக் கரையோரம் வசிப்பவர்கள் உப்புக்காற்றை நினைத்து அடிப்பகுதியையும் அடிக்கடி நன்னீரால் அலச வேண்டும். அடிப்பகுதிக்கு மண்ணெண்ணெயோ டீசலோ அடிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது றப்பர் புஷ்களை ஊதச்செய்து பழுதாக்கும்.

உட்புறத்துக்கு வீட்டு வாக்குவம் கிளீனரும், ஏசித் துளைகளுக்கு ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் ஓர் அங்குல மென்மயிர்ப் பெயின்ற் தூரிகையும், ஈரத்துணியும் போதும். டஷ்போட்டைப் பளபளக்கச் செய்யும் சிலிக்கோன் ஸ்பிறே முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசச்செய்வதோடு புழுதியையும் பிடித்து வைக்கும்.

இவையெல்லாம் கைக்குப் பழகியபின், கழுவியும் போகாமல் பூச்சில் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பிடித்தெடுக்கும் களி போன்ற கட்டியான கிளே பாரும் ஸ்பிறே மெழுகும் வாங்கலாம். கழுவி உலர்த்திய பொனற்றின் மேல், கையை மெல்லிய பொலித்தீன் பைக்குள் நுழைத்துத் தடவிப் பாருங்கள். சொரசொரப்புத் தெரிந்தால் மட்டுமே கிளே பார் தேவை. அதை ஷாம்பூ நீரால் வழுக்கலாக்கிய பின்னரே தேய்க்க வேண்டும். நிலத்தில் விழுந்தால் எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் எறிந்துவிட வேண்டும். அதன்பின் பூசும் மெழுகு, மாமரத்தின் கீழ் நிறுத்தும் காரில் விழும் காக்கை எச்சமும் வௌவால் எச்சமும் பூச்சை அரிப்பதைச் சற்றுத் தாமதப்படுத்தும். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதலில் அடித்த பெயின்றே இன்னும் இருந்தால் அதற்குக் கிளியர் கோட் கிடையாது, பொலிஷ் போடும்போது துணியில் காரின் நிறமே ஏறும். அது இயல்பானதுதான் என்றாலும், ஒவ்வொரு முறையும் பெயின்றே தேய்கிறது என்பதால் அந்தக் கார்களுக்குப் பொலிஷை ஒதுக்கி, மெழுகோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பொலிஷ் மெஷினை எவரும் முதல் ஆண்டில் வாங்கத் தேவையில்லை.