சதுப்பைக் காத்த ‘அ’ பதிவேடு

கோத்தகிரிக்கு அருகே, எங்கள் ஊருக்குக் குடிநீர் தரும் ஓடையின் தலைப்பிலுள்ள சதுப்பில் மண் கொட்டத் தொடங்கியபோது, அது பட்டா நிலம் என்றே எல்லோரும் நம்பினர். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்து, கிராமத்தின் ஒவ்வொரு நிலமும் எந்த வகை என்று காட்டும் ‘அ’ பதிவேட்டின் நகலையும், அதன் எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தையும் பெற்றேன். அவற்றில் அவ்விடம் ஓடைப் புறம்போக்கு என்றிருந்தது. நகல்களைத் தேதியிட்ட படங்களோடு இணைத்து, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு அளித்து, ஒப்புகைச் சீட்டையும் வாங்கிக்கொண்டேன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 14-ஆம் பிரிவு, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்கக் கோருவதால், முதல் லாரி வந்த நாளின் படமே எல்லாவற்றிலும் முக்கியமானது. அத்தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கான மனுவும் தயாராக இருந்தது; நில அளவையர் எல்லைக்கல் நட்டபின், கொட்டியவரே மண்ணை அள்ளிச் சென்றதால் அது தேவைப்படவில்லை.