சமையலறையைப் புதுப்பிக்கிறீர்களா? கல்லுக்கு முன்னால் அடுப்பை முடிவு செய்யுங்கள்

எங்கள் சமையலறையைப் புதுப்பித்தபோது நான் முதலில் வாங்கியது மேடைக்கான கல். கடையில் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துக் காட்டினார்கள். கருப்புக்குள் நீலப் பொட்டுகள் மினுங்கின, அங்கேயே விழுந்துவிட்டேன். அடுப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, அதற்கான துளையைக் குத்துமதிப்பாக 56-க்கு 48 சென்டிமீட்டர் என்று சொல்லி வெட்டவும் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வாங்கிய அடுப்பின் கையேட்டில் 56-க்கு 49 என்று இருந்தது. அந்த ஒரு சென்டிமீட்டரை வீட்டுக்குள் வைத்தே அறுத்தோம். துணி அலமாரிக்குள்கூட வெள்ளைத் தூசி. துடைத்து முடிக்க மூன்று நாளாயிற்று.

அதனால் நான் சொல்லப்போகும் வரிசை கடைக்காரர்கள் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கும். முதலில் உங்கள் அளவு, அடுத்து சாதனங்கள், அப்புறம் மின்சாரம், கடைசியில்தான் கல்.

படி 1: உங்களையும் அறையையும் அளந்துகொள்ளுங்கள்

ஆயத்த அலமாரிகளோடு வரும் மேடை பெரும்பாலும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் வந்து நிற்கும். அது யாரோ ஒரு சராசரி மனிதருக்கான உயரம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 10 முதல் 15 சென்டிமீட்டர் கழியுங்கள். காய் நறுக்க அதுதான் தோதான உயரம். நம்பிக்கை வராவிட்டால், உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய இஸ்திரி மேசையை அந்த அளவில் வைத்து, அதன்மேல் பலகை போட்டு, கால் மணி நேரம் நறுக்கிப் பாருங்கள். தோள் தூக்கினால் மேடை உயரம், இடுப்பு வலித்தால் தாழ்வு.

அடுப்பின்மேல் பாத்திரத்தின் உயரமும் சேரும், அதனால் அங்கே கொஞ்சம் தாழ்வாக இருந்தால் கைக்கு நல்லது. சிங்க்கில் கதை வேறு. தொட்டியின் அடி மேடைக்குக் கீழே 15, 20 சென்டிமீட்டர் இறங்கிவிடுவதால் குனிந்துதான் கழுவ வேண்டும். வீட்டில் இரண்டு உயரத்துக்காரர்கள் இருந்தால் யார் அதிக நேரம் நிற்கிறாரோ அவர் அளவுக்குப் போடுங்கள். விட்டுக்கொடுத்து நடுவில் ஓர் உயரம் வைத்தால் இரண்டு பேருக்கும் வலிக்கும்.

இனி தரை. சிங்க், அடுப்பு, ஃப்ரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் சுற்றளவு 4 முதல் 8 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 1940-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான விதி. ஒருவர் மட்டும் சமைத்த காலத்தின் கணக்கு அது. இரண்டு பேர் புழங்கும் இடத்தில் அது பாதிதான் உதவும். நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்கள். சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில்தான் மேடையின் நீளமான காலியிடம் இருக்க வேண்டும். அடுப்பின் ஒரு பக்கமாவது சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க 40 சென்டிமீட்டர் வேண்டும். தரையில் ஒட்டுநாடா ஒட்டி, திறக்கும் கதவுகளுக்குப் பதிலாக அட்டைப்பெட்டிகளை வைத்து, ஒரு நாள் அதற்குள் நடந்து பாருங்கள். எதிரெதிர் மேடைகள் என்றால் நடுவில் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது.

படி 2: சாதனங்கள்

வாங்கிவிட வேண்டும் என்பதில்லை. மாடல் எண்ணையும் கையேட்டையும் முடிவு செய்துவிட்டால் போதும். கையேட்டில் இரண்டு அளவுகள் இருக்கும்: சாதனத்தின் அளவு ஒன்று, அதைப் பதிக்கத் தேவையான துளையின் அளவு இன்னொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது.

அடுப்பில் கேஸா, இண்டக்‌ஷனா என்பதுதான் பெரிய கேள்வி. கேஸில் வெப்பத்தின் கணிசமான பகுதி பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறது. இண்டக்‌ஷனில் காந்தப்புலம் பாத்திரத்தின் அடிப்பகுதியையே சூடாக்குவதால் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது, அறையும் அவ்வளவு சூடாவதில்லை. ஆனால் எல்லாப் பாத்திரமும் ஏற்காது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் வேலை செய்யும். அலுமினியம், செம்பு, சில வகை எவர்சில்வர் ஆகியவற்றில் ஒட்டாது. உருண்டை அடிப் பாத்திரங்களும் சரிப்படாது. பாதிக்கு மேல் தூக்கிப்போட வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் வீடு என்றால் இரண்டும் கலந்த அடுப்பு புத்திசாலித்தனம்.

கேஸ் என்றால் காற்றோட்டத்தில் சமரசம் கூடாது. எரியும் சுடர் மூச்சுக்குக் கெடுதலான நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவையும் வெளியே விடுகிறது. சிம்னி வாங்கும்போது அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 10-ஆல் பெருக்குங்கள். 3 மீட்டருக்கு 4 மீட்டர், 2.75 மீட்டர் உயரம் என்றால் 33 கன மீட்டர், அதாவது மணிக்கு 330 கன மீட்டராவது இழுக்க வேண்டும். இது குறைந்தபட்சம்தான். குழாயின் ஒவ்வொரு வளைவும் இழுவிசையைத் தின்னும், அதனால் குழாய் குட்டையாக, நேராக, சிம்னியின் வாய் அளவைவிடக் குறுகாமல் போக வேண்டும். சிம்னி அடுப்பைவிட அகலம் குறையக் கூடாது. கேஸ் அடுப்புக்கு மேலே 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் வழக்கம், சரியான எண் கையேட்டில் இருக்கும். குழாயே இல்லாமல் கரி வடிகட்டியால் சுத்தப்படுத்தி அதே காற்றைத் திருப்பி விடும் வகையும் உண்டு. அது வாசனையைக் குறைக்கும், ஈரத்தையும் வெப்பத்தையும் வெளியேற்றாது. கடையில் கேட்கும் சத்தம் ஏமாற்றும், முழு வேகத்தில் எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும்.

ஃப்ரிட்ஜில் கொள்ளளவைவிடக் கதவு முக்கியம். சுவரோரம் ஒட்டி வைத்தால் கதவு 90 டிகிரியோடு நின்றுவிடும், உள்ளே இருக்கும் இழுப்பறையை முழுதாக வெளியே எடுக்க முடியாது. பின்னாலும் பக்கத்திலும் கையேடு சொல்லும் காற்றிடைவெளியை விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அப்புறம், வீட்டு வாசலை அளந்தீர்களா?

டிஷ்வாஷர் 60, 45 சென்டிமீட்டர் என இரண்டு அகலத்தில் கிடைக்கும். தண்ணீரும் வடிகாலும் பக்கத்திலேயே கிடைக்கும் என்பதால் சிங்க்கை ஒட்டியே வையுங்கள். தரை ஓடுகளை அலமாரிக்கு முன்னால் மட்டும் பதித்து நிறுத்திவிட்டால், பழுது பார்க்க இயந்திரத்தை வெளியே இழுக்கும்போது ஓட்டின் விளிம்பு தடுக்கும். இயந்திரம் நிற்கும் இடத்துக்கு அடியிலும் ஓடு போகட்டும். மைக்ரோவேவ் எந்த உயரத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம், கொதிக்கும் கிண்ணத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்கும்படி மட்டும் இருக்கக் கூடாது.

படி 3: சுவரை மூடும் முன் மின்சாரம்

ஒவ்வொரு சாதனத்தின் வாட் அளவையும் உங்கள் ஊர் வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 230 வோல்ட்டில் 2,000 வாட் கெட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். நான்கு பாத்திரம் வைக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு 7,200 வாட் என்றால் 31 ஆம்பியருக்கு மேல். அதைச் சாதாரண பிளக்கில் செருக முடியாது, மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். ஃப்ரிட்ஜ், ஓவன், டிஷ்வாஷருக்கும் தனித்தனி இணைப்பு நல்லது. இந்தப் பட்டியலை எழுதி எலக்ட்ரீஷியன் கையில் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடும்.

படி 4: இப்போது கல்

எல்லாவற்றையும் தாங்கும் மேடை என்று ஒன்று கிடையாது. உங்கள் கை எதில் அசட்டையாக இருக்கிறதோ அதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். சூடான பாத்திரத்தை நேராக மேடையில் வைக்கும் பழக்கமா? சிந்தியதை அப்படியே விட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவீர்களா?

கிரானைட் சூட்டுக்கு அசராது. ஆனால் எண்ணெய் ஊறும். மாதிரித் துண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் என்ற, நுண்துளைகளை அடைக்கும் பூச்சைப் பூச வேண்டும், பின்னால் அவ்வப்போது மறுபடியும் பூச வேண்டும்.

குவார்ட்ஸ் என்று கடையில் விற்கும் செயற்கைக் கல்லில் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் குவார்ட்ஸ் தூள், மிச்சம் பிசின். உறிஞ்சாது, சீலர் வேண்டாம். அந்தப் பிசின்தான் அதன் பலவீனமும். சூடு 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிறம் மாறலாம், விரிசலும் விடலாம். வாணலி அதைச் சுலபமாகத் தாண்டும். நேரடி வெயில் விழும் ஜன்னலோரத்திலும் மங்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை வெட்டும்போது எழும் சிலிக்கா தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுப்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைக் கல்லைத் தடை செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. எந்தக் கல்லாக இருந்தாலும் பட்டறையில், தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

குவார்ட்ஸைட் வேறு, அது இயற்கைக் கல். பெயர் குழப்பத்தில் மார்பிள் வகைக் கல்லை அந்தப் பெயரில் விற்றுவிடுவதுண்டு. மாதிரித் துண்டின் கூர்முனையால் ஒரு கண்ணாடிப் புட்டியைக் கீறிப் பாருங்கள். குவார்ட்ஸைட் கீறும், மார்பிள் கீறாது. மார்பிளின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மங்கல் தடம் விழும், சீலர் அதைத் தடுக்காது. தடங்களோடு வாழத் தயார் என்றால் மார்பிளைப்போல் அழகு எதிலும் இல்லை.

அக்ரிலிக் மேடையில் இணைப்பே தெரியாது, கீறல் விழுந்தால் தேய்த்துச் சரி செய்யலாம், சூடுதான் ஆகாது. பலகைமேல் பிளாஸ்டிக் தகடு ஒட்டிய லாமினேட் மலிவு, இலேசு. சிங்க் விளிம்பில் தண்ணீர் புகுந்தால் உள்பலகை உப்பிவிடும், டிஷ்வாஷர் ஆவி படும் இடமும் அப்படித்தான். மரத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டே இருக்க வேண்டும், அதை ரசிப்பவருக்கு மட்டும்.

எதுவானாலும் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், காபி மூன்றையும் ஒவ்வொரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கழுவிவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

படி 5: அளவெடுப்பும் வெட்டும்

அலமாரிகள் நிலையாகப் பொருத்தப்பட்ட பிறகுதான் மேடைக்கு அளவெடுக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து வெட்டினால் சுவரின் கோணல் காட்டிக்கொடுத்துவிடும். அளவெடுக்கும் அன்று சிங்க்கும் அடுப்பின் கையேடும் வீட்டில் இருக்கட்டும். துளைகளின் உள்மூலைகளை வளைவாக வெட்டச் சொல்லுங்கள், கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். கல் இணைப்பு சிங்க்குக்கு மேலோ டிஷ்வாஷருக்கு மேலோ வரக் கூடாது. தாங்கு இல்லாமல் 25 சென்டிமீட்டருக்கு மேல் கல்லை வெளியே நீட்டாதீர்கள். முன்விளிம்புக்கு அடியில் மெல்லிய பள்ளக்கோடு ஒன்று போடச் சொன்னால், வழியும் தண்ணீர் அலமாரிக் கதவில் இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும்.

சிங்க்குக்காக வெட்டி எடுத்த கல்துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்த கல்தானே! விளிம்பை மட்டும் தேய்த்துக் கொடுக்கச் சொன்னால் போதும். எங்கள் வீட்டுக் கிரானைட் துண்டின்மேல்தான் இப்போது சூடான பாத்திரங்கள் இறங்குகின்றன.