கரண்ட் போன நேரத்துக்கு ஒரு சொல் விளையாட்டு

தெரியாத ஒரு சொல்லுக்குப் பொய் அர்த்தம் எழுதி மற்றவர்களை நம்ப வைக்கிற விளையாட்டு இது. பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு அகராதியே வேண்டாம், மீன் ஏலம் நடக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் சொற்கள் கொட்டிக் கிடக்கும். லீவுக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகளிடம் ‘ஓங்கல்’ என்று சொல்லி, ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் பொய் அர்த்தம் எழுதச் சொல்லுங்கள்; நிஜ அர்த்தத்தை நீங்கள் எழுதி, எல்லாவற்றையும் கலந்து வாசியுங்கள். நம்ப வைத்தவருக்குப் புள்ளி.

சொல்லின் ஓசையைப் பிடித்துக்கொண்டு ஒரே வரியில் எழுதினால்தான் சிரிப்பு வரும். ஓங்கல்: அம்மா கையை ஓங்குமுன் பிள்ளை எடுக்கும் ஓட்டம். கச்சான்: கச்சேரி முடிந்தபின் வந்து முன்வரிசையில் உட்காருபவர்.

அப்புறம் நிஜ அர்த்தத்தை அவசியம் சொல்லிவிடுங்கள், இந்தப் பெயர்கள் பிள்ளைகள் வாயில் தங்க வேண்டும். ஓங்கல் டால்பின், கச்சான் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. அடுத்த சுற்றுக்கு ஆவுளியா, அதாவது கடல்பசு.