செங்கல்லை நிறுத்திக் கட்டினால் காசு மிச்சம்

9 அங்குலச் சுவருக்குச் செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். எலிப்பொறிக் கட்டு என்பார்கள்; கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய முறை. செங்கல்லில் ஏறக்குறைய 25 சதவீதம் மிச்சமாகும், சிமெண்ட் கலவையும் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெயில் சூட்டை எளிதில் கடத்தாது என்பதால் அறையும் அவ்வளவாகக் காயாது. பழக்கமில்லாத மேஸ்திரி அந்த இடைவெளியைக் கலவையால் நிரப்பிவிடுவார். அருகில் நின்று தடுக்க வேண்டும், நிரப்பினால் கலவை மிச்சமும் போயிற்று, சூடு குறைவதும் போயிற்று.

அஸ்திவாரத்துக்கும், தரையை ஒட்டிய வரிசைகளுக்கும், கதவு ஜன்னல் ஓரங்களுக்கும் இது ஆகாது. அங்கே திடமான கட்டுதான். அளவு கோணலான செங்கல் மட்டுமே கிடைக்கிற ஊரிலும் வேண்டாம். கட்டிய பிறகு மின்குழாய்க்காகச் சுவரை வெட்டுவதும் கூடாது.